சாராய நட்சத்திரம்

"நட்சத்திரத்த சாராயத்துல செஞ்சா எந்தக் கலர்ல எரியும் சார்?"

ஜெயப்பிரகாஷ் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறியது. அவர் கள்ளக்குறிச்சியில் இயற்பியல் ஆசிரியர். ஆனால் அவரைப் பிரபலமாக்கியது வகுப்பறை அல்ல, மேடை. சூரியனைத் தண்ணீரில் செய்தால் என்ன ஆகும், வெல்லத்தில் செய்தால் என்ன ஆகும், இரும்பில் செய்தால் என்ன ஆகும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுவார். பிள்ளைகளோடு பெற்றவர்களும் வாயைப் பிளந்து கேட்பார்கள். கைதட்டல் என்றால் மனிதருக்கு உயிர். இந்தச் சாராயக் கேள்வியும் அவருக்குப் புதிதல்ல. எங்கே போனாலும் ஒரு குறும்புக்காரன் எழுந்து கேட்பான். இவரும் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைப்பார். கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

இன்று கேட்டவள் சிரிக்கவில்லை. பெருமாயி என்று பெயர் சொன்னாள். கல்வராயன் மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, பள்ளிக்கூடத்தை விசாரித்து வந்திருந்தாள். வெறும் நெற்றி. மடியில் ஒரு மஞ்சப்பை.

"எதுக்கும்மா இதெல்லாம் கேக்கறீங்க?"

"எங்க வூட்டுக்காரரு சின்னராசு சார். மாமனாரு கருமாதிக்கு வந்தவங்களுக்கு சாராயம் வாங்கியாந்து ஊத்துனாரு. அதுல கெமிக்கல் கலந்திருக்கு. நாலு பேரு செத்துப் பூட்டாங்க. அவரும்தான்."

"அடப்பாவமே!"

"கம்மி வெலைக்குக் கெடைக்குதுன்னு தெரிஞ்சேதான் வெஷத்த வாங்கியாந்தான்னு ஊரே பேசுது. எம் பொண்ணு கவியா தெனமும் அழுதுகினே வூட்டுக்கு வருது. ஒரு புள்ள அதுங்கூடப் பேசறதில்ல. வர்ற ஞாயித்துக்கெழம கூட்டம் போட்டு எங்கள ஊர வுட்டே தள்ளப் போறாங்க. அவரு தெரிஞ்சு செய்யலன்னு நான் காட்டணும் சார்."

"அதுக்கும் நட்சத்திரத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"மொதல்ல நீங்க சொல்லுங்க சார்."

பாவம், துக்கத்தில் புத்தி கலங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பொறுமையாகவே சொன்னார்.

"நட்சத்திரம் நம்ம அடுப்பு மாதிரி எரியறதில்லம்மா. அவ்வளவு பொருளும் ஒண்ணாக் குவிஞ்சு, தன்னோட எடையாலேயே தன்னை நசுக்குது. அந்த நசுக்கல்ல சாராயம் சாராயமாவே இருக்காது. அதனால நிறத்தைப் பாத்தா எவ்வளவு சூடுன்னு சொல்லலாம். சுத்தமா, கலப்படமான்னு சொல்ல முடியாது."

"நீலமா எரிஞ்சா?"

"பயங்கர சூடுன்னு அர்த்தம். வேற ஒண்ணுமில்ல."

"இங்க, கரண்டியில சாராயத்த ஊத்திக் கொளுத்துனா இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. நல்லதும் நீலமா எரியும், விஷமும் நீலமா எரியும். கண்ணால பிரிக்கவே முடியாது."

பெருமாயியின் கண்களில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"எப்பவும் மோந்து பாத்துதான் சார் வாங்குவாரு. அன்னிக்கு மட்டும் பந்தல்ல எல்லாரு எதுர்லயும் கரண்டியில ஊத்திக் கொளுத்துனாரு. நீலமா எரிஞ்சுது. 'பாத்தியா, சுத்தமான சரக்கு'ன்னு சொல்லி மொத டம்ளர அவருதான் குடிச்சாரு. வெஷம்னு தெரிஞ்சவன் மொதல்ல குடிப்பானா சார்?"

ஜெயப்பிரகாஷ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நானே வந்து கூட்டத்துல சொல்றேம்மா. உங்க வீட்டுக்காரர் ஏமாந்து போனவர், கொலைகாரர் இல்ல."

"வருவீங்களா சார்? சத்தியமா?"

"சத்தியமா வர்றேன். ஆமா, நீலமா எரிஞ்சா சுத்தம்னு அவருக்கு எந்த மடையன் சொல்லிக் குடுத்தான்? அவனை இழுத்துட்டு வந்து அந்தக் கூட்டத்துல நிக்க வெச்சு நாக்கப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்!"

பெருமாயி மஞ்சப்பையிலிருந்து கவியாவின் அறிவியல் நோட்டை எடுத்தாள். ஓரம் மடித்திருந்த பக்கத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். குண்டு குண்டான எழுத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தாள்:

'சாராயத்தில் செய்த நட்சத்திரம் நீலமாக எரியும். நீலமாக எரிந்தால் அதுதான் சுத்தமான சரக்கு. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.'

அதற்குக் கீழே பச்சை மையில், 'வாழ்த்துகளுடன்' என்று எழுதி, ஜெயப்பிரகாஷ் போட்டுக் கொடுத்த கையெழுத்து.

"காலைல பத்து மணிக்குக் கூட்டம் சார்," என்றாள் பெருமாயி. "சத்தியம் பண்ணியிருக்கீங்க."