அக்கரை மஞ்சள்

தொலைநோக்கிக்குள் மஞ்சள் நிறம் அசைந்ததும் வீரசிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டார். காலையிலிருந்து காத்திருந்தது வீண்போகவில்லை.

"நடை நல்லாருக்கு. தலைய நிமித்தி, ஆனா அலட்டிக்காம நடக்குது" என்றார் மெதுவாக.

"மஞ்சளாங்க ஐயா? அப்ப மாங்குயிலா இருக்கும். எந்த மரத்துல?" என்று பக்கத்திலிருந்த பெண் கிசுகிசுத்தாள்.

"மரத்துல இல்ல புள்ள. அக்கரையில, குளக்கட்டு மேல. சேலை கட்டியிருக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பறவைகள் மிரளாமல் ஒளிந்திருந்து பார்ப்பதற்காகச் சதுப்பு ஓரத்தில் கட்டிய பலகைக் குடில் அது. உரக்கச் சிரிக்க வழியில்லை.

பச்சைச் சட்டை, காற்சட்டை, சேறு அப்பிய சப்பாத்து, புருவம் வரை இறங்கிய தொப்பி. சரணாலயத்தில் வேலை பார்க்கிற பிள்ளை என்று வீரசிங்கம் வந்தவுடனேயே முடிவு கட்டியிருந்தார். தொலைநோக்கியை இரவல் கொடுத்ததும் அவள்தான்.

அவரோ கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். கொஸ்லந்தையைத் தாண்டிப் பஸ்ஸில் நசுங்கி இறங்கியும் அந்த வேட்டியின் மடிப்புக் கலையவில்லை.

"ஐயா பறவை பாக்க வரலீங்களா?"

"பொண்ணு பாக்க வந்தேன். ஒன்கிட்ட சொல்றதுக்கு என்ன, நீ யாரோ நான் யாரோ. அந்த மஞ்சச் சேலைதான் விஜயலெட்சுமி டீச்சர். ஞாயித்துக்கெழமையில பள்ளிக்கூடப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு இங்க வருமாம், தரகர் சொன்னாரு. என் மகனுக்குக் கேக்கலாம்னு ஒரு யோசன."

அவள் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். "அதுக்கு நேரா வீட்டுக்கே போகலாமேங்க. ஏன் ஒளிஞ்சிருந்து பாக்கணும்?"

வீரசிங்கத்தின் முதுகு நிமிர்ந்தது.

"போன தடவ எல்லாம் முறையாத்தான் செஞ்சேன். பொண்ணு வீட்டுக்காரங்க எங்க வீடு பாக்க வந்தாங்க. வந்தவங்க தேத்தண்ணிய பாதியில வச்சிட்டு எந்திரிச்சிப் போயிட்டாங்க. தோட்டமே சிரிச்சிச்சி. இன்னொரு தடவ எங்க குடும்பப் பேரு ஊரு வாயில விழக்கூடாது. புடிச்சாத்தான் தட்டெடுத்துக்கிட்டுப் போவேன். புடிக்கலன்னா, நான் கொக்கு பாக்க வந்தவன். அவ்வளவுதான்."

"அப்ப ஒரு கொக்காவது பாத்துட்டுப் போங்க ஐயா. அந்தா, கீழ."

வீரசிங்கம் தொலைநோக்கியை அங்கே திருப்பினார். மங்கலாக ஏதோ பச்சைதான் தெரிந்தது. "ஒண்ணையும் காணமே."

"கண்ணாடிய எறக்குங்க. தூரத்தப் பாக்குற கண்ணாடியில கிட்ட இருக்கிறது தெரியாது."

இறக்கினார். குடிலுக்கு நேர் கீழே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், சேற்றோடு சேறாக ஒரு குருட்டுக்கொக்கு நின்றது. அவர் பார்த்ததும் அது எழும்பியது. விரிந்த சிறகு இரண்டும் அவருடைய வேட்டியைவிட வெள்ளை.

"அடேயப்பா! இவ்வளவு நேரமும் இங்கயேவா நின்னிச்சி?"

"இங்கயேதாங்க."

வயிறு கூப்பிட்டது. வீரசிங்கம் பார்சலைப் பிரித்தார். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிற வழக்கம் அவர் வீட்டில் இல்லை. ஒன்றை அவளிடம் நீட்டினார்.

ஒரு கடி கடித்தவள் கண்ணை மூடித் திறந்தாள். "யாருங்க சுட்டது? வீட்டு அம்மாவா?"

ஆமாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் மானத்தைக் காப்பாற்றுவதற்காகக்கூட வீரசிங்கம் பொய் சொன்னவர் அல்ல.

"மகன்" என்றார் குரலைத் தாழ்த்தி. "அவங்கம்மா கருப்பம்மாவுக்கு முழங்கால் முடியல. பய தபால் கந்தோர் வேலைக்குப் போறதுக்கு முந்தி ரொட்டி சுட்டு, கறி வச்சி, அவளுக்குத் தலையும் பின்னி விட்டுட்டுத்தான் போவான். வந்தவங்க அதத்தான் பாத்தாங்க. பொம்பள வேல செய்றவனுக்குப் பொண்ணு இல்லேன்னுட்டாங்க. தாயி, இது ஒன்னோட இருக்கட்டும். அந்த டீச்சர் காதுக்குப் போயிராம."

"என் வாயால யாருக்கும் சொல்ல மாட்டேங்க." இரண்டாவது ரொட்டியை அவள் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். "ஆனா விஜயலெட்சுமி டீச்சருக்கு அடுப்புப் பத்த வைக்கவே வராதுன்னு கேள்வி ஐயா. பரவாயில்லீங்களா?"

வீரசிங்கம் மறுபடி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். அக்கரையில் மஞ்சள் சேலை குனிந்து, ஒரு பொடியனின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தது. அவர் மனம் இளகியது.

"வராட்டிப் போகுது. சமைக்கத்தான் எங்க வீட்ல ஆள் இருக்கே!"

இதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

எழுந்து வேட்டியை உதறினார். "முடிவு பண்ணிட்டேன். வாற வெள்ளிக்கெழம தட்டோட போறேன். அந்த டீச்சர் வீடு எதுன்னு தெரியுமா புள்ள?"

"மஞ்சச் சேலை கட்டியிருக்கவங்க வீடா? அது கலாராணி டீச்சருங்க. மூக்குத் தொடச்சி விட்டாங்களே, அது அவங்க சொந்த மகன்."

வீரசிங்கத்தின் கையிலிருந்து நழுவிய தொலைநோக்கி, கழுத்துப் பட்டியில் ஊசலாடியது. "அப்ப... விஜயலெட்சுமி டீச்சர்?"

பக்கத்திலிருந்தவள் தொப்பியைக் கழற்றினாள். கடைசி ரொட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மரியாதையாக எழுந்து நின்றாள்.

"வெள்ளிக்கெழம தட்டுல இந்த ரொட்டியும் வரட்டும், மாமா."