முந்நூற்றுப் பத்து வரி

மாமியார் பிளக்கைப் பிடுங்கினார். அவ்வளவுதான். லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து மருமகள் அடித்த முந்நூற்றுப் பத்து வரி புரோகிராமும் போயே போச்சு.

டிவியே திரையாக, டேப் ரிக்கார்டரே பீரோவாக, வீட்டுக் கம்ப்யூட்டர் என்ற ஒன்று மெல்லத் தலைகாட்டிய காலம் அது. கேசட்டில் ஏற்றாமல் அணைத்தால் எல்லாம் அம்போ.

"என்ன அத்தை இப்படிப் பண்ணிட்டீங்க!"

"செய்தி பாக்க வேணாமா? டிவி என்ன உன் ஒருத்திக்கா? கோழி கொத்தற மாதிரி ரெண்டு விரலால நாள் பூரா தட்டிக்கிட்டு!"

நாளை மறுநாள் கம்ப்யூட்டர் கிளப் கூட்டம். உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஆண்கள். "சொந்தமா எழுதின புரோகிராம் ஒண்ணை ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் சேத்துக்கறதைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிச் சிரித்திருந்தார்கள். அந்தச் சிரிப்பு மூட்டிய எரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"விட்டுத்தொலையேன், அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றான் கணவன்.

"முடியாது! நாளைக்கு ஆஸ்பத்திரி டியூட்டி முடிஞ்சு வந்ததும் உக்காருவேன். பச்சைத் தண்ணி குடிக்காம அடிச்சு முடிப்பேன். டிவி பக்கம் யாராவது வந்தீங்க, நடக்கறதே வேற!"

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் புரோகிராம் எழுதும் நோட்டு தரையில் விரிந்து கிடந்தது. கம்ப்யூட்டர் இடம் மாறியிருந்தது. டிவி முன்னால் ஜம்மென்று மாமியார்.

"திரும்பவும் தொட்டீங்களா?"

"தொட்டேன். அதுக்கென்ன இப்போ?" மாமியார் ஒரு கேசட்டை நீட்டினார். "போட்டுப் பாரு."

அது யாரையும் தொடவிடாமல் அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய பாட்டுக் கேசட்.

போட்டாள். பாட்டு வரவில்லை. புரோகிராம் ஏறும்போது வருமே, அந்தக் கீச்கீச் இரைச்சல். ஐந்து நிமிடம் கழித்து, டிவித் திரையில் வரிசையாக முந்நூற்றுப் பத்து வரிகள். ஓட்டிப் பார்த்தாள். ஒரு பிழை இல்லை.

"அத்தை... இத்தனையும் நீங்களா அடிச்சீங்க?"

"உன் நோட்டைப் பாத்துத்தான். டேப்புல ஏத்தற விதத்தையும் அதுலயே எழுதி வச்சிருக்கியே."

"ஐயோ, உங்க பாட்டெல்லாம் அழிஞ்சுபோச்சே!"

"போனாப் போகுது. முப்பது வருஷம் ஆபீஸ்ல டைப் அடிச்சேன். அடிச்சதெல்லாம் நான், கீழே கையெழுத்துப் போட்டதெல்லாம் ஆம்பளை ஆபீசருங்க. நாளைக்கு உன் கிளப்புக்குப் போய், இதை எழுதினது யாருன்னு சத்தமாச் சொல்லிட்டு வா!"