ஆடு மேய்ந்த போர்க்களம்

"சொல்லு ராத்தா, ஆத்தைக் கடந்த படையில மிஞ்சினது எத்தின பேர்?"

றவூப் தறியோரம் குந்தியிருந்து கெஞ்சினான். தறியில் இருந்த அவனுடைய மூத்த சகோதரி றாபியா கையை நிறுத்தவில்லை.

"பொத்தகம் வாசிக்கிறது நீயா, நானா? கைநாட்டு வைக்கிறவளிட்ட வந்து கேக்கிறாயே, வெக்கமில்லையாடா?"

வெட்கம் இருந்தது. மருதமுனையிலிருந்து கல்முனை வரை விரித்துக் காயப்போடும் அளவுக்கு இருந்தது. விடிந்தால் வருடக் கடைசிக் கட்டுரைப் பரீட்சை. சீமையில் நடந்த ஏதோவொரு சண்டையைப் பற்றிய, ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல். அதில் றவூப் வாசித்து முடித்திருந்தது அட்டையை மட்டும்தான்.

குற்றம் முழுவதும் அவனுடையதல்ல. தை மாதம் புத்தகம் வந்த அன்றே, றாபியாவின் கணவர் சீனிமுகம்மது மச்சான், "ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்" என்று வாங்கிப் போனார். ஒருக்கா என்றது மூன்று மாதம். மனைவி நெய்ய நெய்ய, தறிக்குப் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசித்தார். திருப்பித் தந்த அன்று றவூப் அதை வேலியோரம் வைத்துவிட்டு முகம் கழுவப் போனான். அந்த நேரத்துக்குள் ஆடு தின்றுவிட்டது. தளபதி, பீரங்கி, நாலாயிரம் குதிரை, எல்லாம் உள்ளே போய்விட்டன. அன்றிலிருந்து அந்த ஆடு கத்துவதில்லை, கட்டளையிடுகிறது என்று தெருவே சொன்னது.

மச்சானைக் கேட்கலாமென்றால், அவர் றாபியா நெய்த சாரங்களை விற்கக் குருநாகல் போயிருந்தார்.

"ஒன்ட வகுப்புல முப்பத்தொரு பேரிட்டயும் பொத்தகம் இரிக்கிதானே? ஒருத்தனிட்ட வாங்கன்டா."

"வாங்கினா மானம் போயிரும் ராத்தா. எல்லாரும் வாசிச்சு முடிச்சிட்டாங்க. அந்த ஷரிபுதீன் கரைச்சே குடிச்சிட்டான். நான் வாசிக்கல்லையெண்டு அவனுக்கு ஒரு சந்தேகம். நாளைக்கு நான் ஒரு இடத்துல பிழைவிட்டாப் போதும், ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்."

"அப்ப, வருசம் முழுக்க வகுப்புல என்னத்தச் செஞ்சாய்?"

"அது வீட்டுல வாசிக்கிற பொத்தகம். வகுப்புல எடுக்கிறதில்ல."

"நல்ல வகுப்பு!" என்று றாபியா எழுந்து போனாள். திரும்பி வரும்போது கை நிறையத் துணித் துண்டுகள். நெய்த ஒவ்வொரு சாரத்திலிருந்தும் மாதிரிக்கென்று வெட்டி வைத்தவை. பாயில் அவற்றை வரிசையாகப் பரப்பினாள்.

"இஞ்ச பாரு. இந்த நீலக் கரை நெய்யக்குள்ள படை ஆத்துல இறங்கினது. இரிந்தவங்க அறுநூறு பேர். இந்தக் கறுப்புக் கோடு வாறத்துக்குள்ள முன்னூத்திப் பதினாறு பேர் போயிட்டாங்க. மச்சான் எண்ணி எண்ணி வாசிச்சார், நான் எண்ணி எண்ணி நூல் விட்டன்."

றவூப் வாய் பிளந்தான்.

அவள் விரல் துணியில் ஓட ஓட, பாயில் பாலங்கள் இடிந்தன. கோட்டைக் கதவு திறந்தது. பச்சைக் கட்டத்தில் ஒரு சிப்பாய் பசியில் தன் குதிரையைக் கட்டிப்பிடித்து அழுதான். மஞ்சள் கரையில் பனி பெய்தது. பனி பெய்வதை ஒருநாளும் கண்டிராத மருதமுனை மணலில் றவூபுக்குக் கை விறைத்தது. எழுத்தே தெரியாத இந்த மனுசிக்குள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் ஒரு நூல் அறாமல் கிடந்ததா!

"இது என்ன, பிசகி நெய்ஞ்சிரிக்கி?" கடைசித் துண்டைத் தூக்கிக் கேட்டான்.

றாபியாவின் குரல் தாழ்ந்தது.

"அதுவா... சண்டை முடிஞ்சிட்டு. மகன் மௌத்தாப் போனானெண்டு ஒரு தாய்க்குக் காயிதம் வருகுது. பாத்தா, அது எதிரிப் படையில செத்த ஒருத்தன்ட காயிதம். மாறி வந்திட்டு. அவள் கிழிச்சுப் போடல்ல. மகன் தப்பிட்டானெண்டு சிரிக்கவுமில்ல. ஆரோ பெத்த அந்தப் பிள்ளைக்காக ரெண்டு நாள் அழுதிட்டு, மறுகா காயிதத்த மடியில கட்டிக்கிட்டு, அவன்ட தாயைத் தேடி எதிரி ஊருக்கு நடக்கிறாள். அந்த இடத்துல என்ட கால் மிதியில தடுமாறிட்டு. கல்முனை முதலாளி பழுதெண்டு இந்தச் சாரத்த எடுக்கல்ல. பிரிச்சு நெய்யெண்டார் மச்சான். நான் பிரிக்கல்ல."

றவூப் அந்தப் பிசகிய நூலை விரலால் தொட்டான். போர் நாவல் என்றால் துப்பாக்கிச் சத்தம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தான்.

மறுநாள் காலை பாடசாலை வாசலில் ஷரிபுதீன் காத்து நின்றான். முகத்தில் சின்னச் சிரிப்பு.

"ஒரு சந்தேகம். மாறி வந்த அந்தக் காயிதத்த அந்தத் தாய் ஏன் கிழிக்கல்ல?"

பின்னால் நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். றவூப் மூச்சை இழுத்தான். சொல்லத் தொடங்கினான். அந்தத் தாயின் அழுகையைச் சொன்னான், அவள் நடந்த தூரத்தைச் சொன்னான். நின்றவர்களின் கண் கலங்கியது. முற்றத்துக் காகம்கூடக் கத்துவதை நிறுத்தியது.

ஷரிபுதீனின் சிரிப்பு எப்போதோ கரைந்து போயிருந்தது. தலையைக் குனிந்தான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க மாஸ்டர். நீங்க பொத்தகத்தை வாசிக்காமலேதான் எங்கட கட்டுரையெல்லாம் திருத்தப் போறீங்கெண்டு நினைச்சிட்டன்."