மேட்டில் விழுந்த கை

எழுபத்திரண்டு வயதில், கூடாரம், அடுப்பு, தொப்பை எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, இன்று இந்த மலையை ஒரு மிதிகூட மிதிக்காமல் ஏறினேன். பறவைகள் பொறாமைப்பட்டன.

எங்கள் சைக்கிள் கோஷ்டியில் ஒரு வழக்கம் உண்டு. மேட்டில் மூச்சிரைப்பவன் முதுகில் கைவைத்து, கூட வரும் மெக்கானிக் நண்பன் தள்ளுவான். உச்சி வந்ததும் இரண்டு தட்டு தட்டி விட்டுவிடுவான். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனில்லாத முதல் பயணம் இது. அவன் தம்பி, "இதோட சைக்கிள வித்துடறேன்" என்று சொல்லித்தான் கிளம்பினான்.

இன்று மேட்டில் என் முதுகில் கை விழுந்தது. உச்சியில் இரண்டு தட்டு. திரும்பினேன்; தூரத்தில் தம்பி மட்டும் ஏறிக்கொண்டிருந்தான்.

கூடாரம் அடிக்கும்போது சொன்னேன்.

"புளுகுக்கும் ஒரு அளவு வேணும்ண்ணே!" என்றான் தம்பி. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டீ கொதித்தது. எல்லாரும் மரத்தில் சாய்ந்துகொண்டோம். தம்பி மட்டும் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"முதுகு வலியாடா?"

"இல்லண்ணே." கண் கலங்கியிருந்தது. "உங்கள அண்ணன் தட்டி விட்டுட்டாரு. என்னை இன்னும் தட்டல. கை முதுகுலயேதான் இருக்கு."