கழற்ற முடியாத பட்டை

பிளேடு தோல் பட்டையில் பாதிதான் இறங்கியிருந்தது.

பால்கனிச் சுவர் மேல் வந்து உட்கார்ந்த குரங்கை நோக்கிப் பாய்ந்த மோத்தி, குரங்கு விலகிய வெற்றிடத்தில் விழுந்து, சங்கிலியின் நுனியில் தொங்கிச் சுழன்றிருந்தது. இராஜமாணிக்கம் எட்டிப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுவிட்டான். ஆனால் முறுக்கிக்கொண்ட சங்கிலி, பட்டையை நாயின் தொண்டைக்குள் புதைத்திருந்தது.

அந்தப் பட்டைக்குக் கொக்கி இல்லை.

கழுத்தில் பட்டை இல்லாத நாய்களை வண்டியில் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று கோல் மார்க்கெட் அரசு ஊழியர் குடியிருப்பெங்கும் பேச்சாக இருந்தது. கொக்கி என்றாவது அவிழ்ந்துவிடும் என்று அஞ்சி, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து இரு முனைகளையும் சேர்த்து ஆணியடித்து வாங்கியவன் இராஜமாணிக்கம்தான். அப்போது மோத்தி குட்டி. தளர்வாகவே அடிக்கச் சொல்லியிருந்தான்.

நாய் வளர்ந்தது. தினமும் பார்க்கிற கண்களுக்கு அது தெரியவில்லை.

"மெதுவா, பூங்கோத. கழுத்த அறுத்துடாத."

"நீங்க வாயப் பிடிங்க மொதல்ல."

அவன் பிடித்தான். மோத்தியின் நாக்கு நாவற்பழ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பூங்கோதை பட்டைக்கு அடியில் விரலை நுழைக்கப் பார்த்தாள், நகம்கூட நுழையவில்லை. அழுத்தி நுழைத்தாள். நாய் அவன் பிடியிலிருந்து திமிறி அவள் மணிக்கட்டைக் கவ்வியது.

கவ்வியது எது என்று அதற்கும் தெரியாது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மறு கையால் அறுத்துக்கொண்டே இருந்தாள்.

பட்டை விட்டது.

மரம் அறுக்கும் ஓசையோடு மூச்சு உள்ளே போயிற்று. வாயிலிருந்து நுரை வழிந்தது. எழுந்து நின்ற மோத்தி இருவரையும் அடையாளம் காணாமல் சில கணங்கள் தள்ளாடிவிட்டு, திறந்திருந்த கதவு வழியே படியிறங்கி ஓடியது. முற்றத்துக் குழாயடியில் எப்போதும் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். அதைத் தேடித்தான் ஓடியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. முற்றம் முழுதும் பிள்ளைகள்.

"பாகல் குத்தா" என்று யாரோ அலறினார்கள். வெறிநாய்.

பூங்கோதை கீழே வந்து சேர்ந்தபோது, காவல்காரச் சௌக்கிதாரின் தடி பரமசிவத்தின் கையில் இருந்தது. மோத்தி குழாய்க்குச் சற்று இப்பால் கிடந்தது. அதன் பின்னங்கால் ஒருமுறை நீண்டு மடங்கியது. பிறகு மடங்கவில்லை.

பரமசிவம் மேல்மாடிக்காரர், அலுவலகத்தில் இராஜமாணிக்கத்தின் பிரிவுக்கு அதிகாரி. அவன் பதவி உயர்வு அந்தக் கோடையில் அவருடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. "கிளார்க்கு வீட்ல என்னத்தய்யா களவாங்கப் போறான், நாயக் காவலுக்கு வச்சிருக்க?" என்று படிக்கட்டில் சிரிப்பவர். சிரித்துக்கொண்டே மோத்திக்கு ரொட்டித் துண்டும் போடுகிறவர்.

இப்போது அவர் குனிந்து பார்த்தார். பட்டையில்லாத அந்தக் கழுத்தில் மயிர் தேய்ந்து போன வளையம் தெரிந்தது.

"இது நம்ம மோத்தில்லா?" என்றார், மிக மெதுவாக.

"வெறியெல்லாம் இல்லீங்கய்யா. பட்ட இறுகிப்போச்சு. அதனால வந்த நுரை." பூங்கோதை அறுந்த பட்டையை நீட்டினாள். நீட்டிய கையிலிருந்து இரத்தம் சொட்டிற்று.

சுற்றி நின்றவர்கள் பட்டையைப் பார்க்கவில்லை. இரத்தத்தைப் பார்த்தார்கள்.

பரமசிவம் அவளைவிட்டு அவள் கணவனிடம் திரும்பினார். அவருடைய மகளும் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"பிள்ளைய வெளையாடுத எடம்லாய்யா. நான் என்ன செய்ய? நீ சொல்லு. இதுக்கு எப்பமிருந்து இப்படி இருக்கு?"

இராஜமாணிக்கம் நாயைப் பார்த்தான். தடியைப் பார்த்தான். தன் மனைவியைப் பார்க்கவில்லை.

"காலைலேருந்தே ஒரு மாதிரிதான் சார் இருந்துச்சு. தண்ணி வச்சா ஒதுங்கிப் போச்சு. நீங்க செஞ்சதுதான் சார் சரி."

பரமசிவத்தின் தோள்கள் இறங்கின. யாரோ அவர் கையிலிருந்து தடியை வாங்கிக்கொண்டார்கள்.

பூங்கோதை அறுந்த பட்டையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போக ஆட்டோ பிடித்துக் கொடுத்தவரும் பரமசிவம்தான். அலுவலகத்தில் தான் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். நீண்ட வரிசை. வெறிநாய்க்கடிக்கு, தொப்புளைச் சுற்றி, தினம் ஒன்றாக, நாள் தவறாமல் போட வேண்டிய ஊசி. கம்பவுண்டர் அவளைப் பலகையில் படுக்கச் சொன்னான். கத்தக் கூடாது என்று அவள் நினைத்திருந்தாள். கத்தினாள்.

வேறு யாரையாவது கடித்ததா என்று கம்பவுண்டர் இந்தியில் கேட்டான்.

"நஹீ" என்று தலையாட்டி மறுத்தான் இராஜமாணிக்கம்.

திரும்பும் பேருந்தில் உட்கார ஒரு இடம்தான் இருந்தது. அதில் அவளை உட்காரவைத்துவிட்டு, அவன் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மே மாத வெயிலிலும் அவன் முழுக்கைச் சட்டை அணிந்திருந்தான். பேருந்து குலுங்கியபோது சட்டைக் கை முழங்கைவரை வழிந்தது.

நேற்று அதன் வாயைப் பிடித்த முன்கையில் மோத்தியின் பல் தடங்கள். அவளுடையதைவிட ஆழமாக.

அவள் பார்ப்பதை அவன் பார்த்தான். கையை இறக்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நாளைக்கும் சீக்கிரம் கெளம்பணும்" என்றான். "ஒரு நாள்கூட விடக்கூடாதாம், உனக்கு."