தடித்த ஓரம்

"என்னம்மா இது, நகத்து ஓரமெல்லாம் இப்படித் தடியா நிக்குது?" என்று சீதாலெட்சுமி கேட்டதும் கோமதிக்குப் பகீரென்றது.

மறுநாள் கிள்ளானில் கல்யாணம். கல்யாணப் பெண் சந்திரகலாவை, மாமியாராகப் போகும் சீதாலெட்சுமியே பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த கோமதியின் அழகு நிலையத்துக்கு அழைத்து வந்திருந்தார். கூடவே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர். பங்சாரில் வசதியாக வாழ்கிறவர்கள். நகத்தின்மேல் ஜெல் பூசி லேம்ப் வெளிச்சத்தில் இறுகவைக்கும் ஜெல் நகம் கோலாலம்பூரில் அப்போதுதான் பரவ ஆரம்பித்திருந்தது. கல்யாணப் பெண்ணுக்கு அதுதான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

தப்பு எங்கே நடந்தது என்று கோமதிக்கு நன்றாகவே தெரியும். ஒரு விரலில் ஜெல்லை மெல்லிசாக வைத்து, தோலில் படாமல் மயிரிழை இடம் விட்டு, அது வழிவதற்குள் லேம்பில் காட்டி இறுகவிட வேண்டும். அப்புறம்தான் அடுத்த விரல். கல்யாண சீசன், வெளியே ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் எல்லா விரலுக்கும் மொத்தமாகப் பூசிவிட்டு, ஃபோனில் அடுத்த அப்பாயின்ட்மென்ட் பேசப் போய்விட்டாள். திரும்பி வருவதற்குள் ஜெல் இரண்டு பக்கமும் வழிந்து தோல்மேல் ஏறியிருந்தது. பரவாயில்லை என்று அப்படியே லேம்புக்குள் தள்ளினாள். அது கெட்டியாகி, மேடு தட்டி நின்றுவிட்டது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை. வந்தது வேறு.

"நான் என்ன ஆன்டி செய்யறது? ஃபேக்டரியில கெமிக்கல்ல வேலை செஞ்ச கை. நகமே கெட்டுப் போயிருக்கு. இதுல இவ்வளவுதான் வரும்லா."

கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி, பெண் ஃபேக்டரியிலா இருந்தாள் என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

சந்திரகலா எழுந்து நின்று இரண்டு கையையும் ஷாலுக்குள் இழுத்துக்கொண்டாள். அப்பா போனபிறகு சுங்கைவேயில் இருந்த ஃபேக்டரிக்குப் போய்த்தான் தம்பிகளைப் படிக்க வைத்ததாகச் சற்று முன்னால் அவளேதான் கோமதியிடம் மனசுவிட்டுச் சொல்லியிருந்தாள். நம்பிச் சொன்னதை எடுத்தே அவளை அடித்தாயிற்று. கோமதிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

சீதாலெட்சுமி மருமகளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைப்பையை ஓரமாக வைத்தார். கோமதிக்கு எதிரே வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

"எனக்கும் போடு."

மருமகள் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறாள், இந்த அம்மாவுக்கு அலங்காரம் கேட்கிறதே என்று கோமதிக்கு ஆத்திரம் வந்தது. இந்தப் பெண் எப்படித்தான் அந்த வீட்டில் காலம் தள்ளப் போகிறாளோ என்று பரிதாபமும் பட்டாள். பரிதாபப்பட உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று உள்ளேயிருந்து உடனே கேள்வி வந்தது.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஒரு விரலை மட்டும் எடுத்து, பார்த்துப் பார்த்துப் பூசி இறுகவிட்டாள். ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, அவ்வளவு நேர்த்தி. சுற்றி நின்றவர்கள் ஆகா என்றார்கள். நல்ல கையில் நன்றாகத்தான் வருகிறது என்று ஒருத்தி சொன்னது சந்திரகலாவின் காதிலும் விழுந்தது. அவள் இன்னும் குனிந்துகொண்டாள்.

சீதாலெட்சுமி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வேணாம். கலாவுக்கு எப்படிப் போட்டியோ அப்படியே போடு. ஓரம் தடியா இருக்கணும்."

கோமதி குரலைத் தாழ்த்தி, பெண்ணுக்குப் போட்டதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன், காசே வேண்டாம் என்று கெஞ்சினாள்.

"எடுக்கணும்னா மறுபடியும் நகத்தை அரத்தால ராவணும். ஏற்கெனவே நீ ராவுனதுல எரியுதுன்னு உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கா. அவளை விடு. எனக்குப் போடு."

"நல்லா இருக்காது ஆன்டி. நாளைக்கு மண்டபத்துல எல்லாரும் உங்க கையையும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்" என்றார் சீதாலெட்சுமி. "ஃபேக்டரி வாசலையே மிதிக்காத ஆளு நான். என் நகமும் இப்படியே இருந்தா, கெட்டது என் மருமக கை இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்லா."