தொட்டிக்குள் கிரகணம்

சபேசன் வீட்டு மீன் தொட்டியில் ஒரு கடல் சாமந்தி இருந்தது. பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் இறால் தின்னும். தலைக்கு மேலே எரிந்த எல்.இ.டி. விளக்கைச் சூரியன் என்றே அது நம்பியது. விளக்கும் மறுக்கவில்லை. கும்பிடுகிறவரை யார்தான் தடுப்பார்கள்?

ஒருநாள் பட்டப்பகலில் சூரியன் அணைந்தது.

“கிரகணம்!” என்று அலறிய சாமந்தி, சபேசன் போட்ட இறாலைத் துப்பியது. “கிரகணத்துல சாப்பிடக் கூடாது. டிவியில சொன்னாங்க.”

அதன் மடியில் குடியிருந்த கோமாளி மீன் சொன்னது: “அக்கா, அவர் போனுக்கு சார்ஜ் போட விளக்கோட பிளக்கைப் பிடுங்கினாரு. என் கண்ணால பார்த்தேன்.”

“அபச்சாரமாப் பேசாதடா!”

அதற்குப் பிறகு தினமும் கிரகணம்தான். போன் சார்ஜில் கிடந்து கையில் இல்லாதபோதுதான் சபேசனுக்குத் தொட்டி ஞாபகம் வரும், இறாலும் அப்போதுதான் விழும். விரதமிருந்தே சாமந்தி எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிவிட்டது.

மீனுக்குப் பொறுக்கவில்லை. விளக்கு எரியும் நேரம் பார்த்து மேலே போனது. “நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. அக்கா செத்துடுவா.”

விளக்கு தொண்டையைச் செருமியது. “ராகுதான். வெள்ளை ராகு. வால் ரொம்ப நீளம்.”

சபேசனுக்கும் கவலை வந்துவிட்டது. தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாமந்தி ஏன் வாடுகிறது என்று போனில் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். பதில் கிடைப்பதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.